எட்டாம் மாதத்துக் கல்யாணம்

இந்தப் பந்தலின் நடுவே நடுநாயகமாக வீற்றிருக்கும் அவைத் தலைவர், யூதாவூரின் மூத்தவர், செக்கனியா ஐயா அவர்களே! எருசலேமின் தெருக்களில் தம் காலால் நடந்தவர்கள் என்று எங்கள் ஊரில் மிஞ்சியிருக்கும் ஏழு பெரியவர்களே! பன்னிரண்டு நாள் ஆற்றோடு வந்து, கால் வீங்கி, கண் சிவந்து, குரல் மட்டும் கொஞ்சமும் குறையாமல் அமர்ந்திருக்கும் ஆபோர்க்கரைச் சம்பந்திகளே! அடுப்படியில் கையும் அரட்டையில் காதுமாக நிற்கும் என் அருமைத் தாய்மார்களே! பாபிலோன் தேசத்தில் ஆறுபோல ஓடும் இந்தக் கேபார் வாய்க்காலின் இரு கரைகளிலிருந்தும் வந்து குவிந்திருக்கும் உற்றார்களே, உறவினர்களே! மணமகனே, மணமகளே! இன்று காலைவரை இந்தக் கல்யாணத்தின் மாப்பிள்ளையாக இருந்து, இப்போது முதல் வரிசையில் உட்கார்ந்து மாதுளம்பழம் தின்றுகொண்டிருக்கும் பெலத்தியா தம்பியே! உங்கள் எல்லாருக்கும் இந்த எளியவனின் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். உள்ளூர்க்காரர்கள் சிரிக்கிறீர்கள். ஆனால் மதியத்துக்கு மேல் நிப்பூர்ப் பக்கமிருந்து வந்து இறங்கிய விருந்தினர்கள் சிரிக்கவில்லை, முழிக்கிறார்கள். முழிக்க மாட்டார்களா? பெலத்தியா கல்யாணத்துக்கு வாருங்கள் என்று அழைத்தோம். வந்து பார்த்தால் மேடையில் முன்பின் தெரியாத ஒரு முகம் பூக்கிரீடத்தோடு உட்கார்ந்திருக்கிறது. கொண்டுவந்த பரிசை யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார் அந்த மூலையில் ஓர் அம்மா. அம்மா, தைரியமாகக் கொடுங்கள். எங்கள் பெண் கையில் கொடுங்கள். பெண் மாறவில்லை.

என் பெயர் அக்கூப். படகோட்டி. மணமகள் அபித்தாளுக்குத் தாய்மாமன். அவளுடைய தாய், என் அக்காள், இந்த நாளைப் பார்க்க உயிரோடு இல்லை. ஆகவே அவள் பேச வேண்டியதையும் சேர்த்து நானே பேசப்போகிறேன். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை மாறிய கதையைச் சொல்லும் பொறுப்பைத் தலைவர் எனக்குத் தந்திருக்கிறார். ஏன் எனக்கு? குழப்பத்தைத் தொடங்கி வைத்தவன் நான் என்பதால்! ஆனால் அவையோரே, உண்மையைச் சொன்னால் இந்தக் குழப்பத்தை நான் தொடங்கவில்லை. இதைத் தொடங்கியவர்கள் செத்துப்போய் முந்நூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. ஒரு கல்யாணத்தின் கதையைச் சொல்ல இரண்டு ராஜ்யங்கள் விழுந்த கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்படி ஒரு தலையெழுத்து நம்மைத் தவிர வேறு எந்தச் சனத்துக்கு உண்டு?

கேளுங்கள்! ஒரு காலத்தில் நாம் ஒரே நாடு. பன்னிரண்டு கோத்திரம், ஒரே கூரை. தாவீது ஆண்டார், சாலொமோன் ஆண்டார். சாலொமோன் கட்டினார், கட்டினார், கட்டிக்கொண்டே இருந்தார். கல் சுமந்த சனத்தின் முதுகு வளைந்தது. அவர் கண்ணை மூடியதும் மகன் ரெகொபெயாம் பட்டத்துக்கு வந்தார். வடக்கே இருந்த பத்துக் கோத்திரமும் திரண்டு போய்க் கேட்டது. என்ன கேட்டது? பொன் கேட்டதா? பொருள் கேட்டதா? "ராஜா, உங்கப்பா ஏத்துன பாரம் முதுகை ஒடிக்குது. கொஞ்சம் இறக்கி வைங்க, காலமெல்லாம் உங்களுக்கு உழைக்கிறோம்" என்றது. அவ்வளவுதான்! கிழவர்கள் எல்லாரும், "நல்லதா நாலு வார்த்தை சொல்லு தம்பி, அது போதும்" என்று புத்தி சொன்னார்கள். கூட வளர்ந்த விடலைகள், "விடாதே, இறுக்கு" என்று ஏற்றிவிட்டார்கள். தம்பி யார் பேச்சைக் கேட்டார்? சொல்லவா வேண்டும்! "எங்கப்பாவே தேவலைன்னு உங்களைச் சொல்ல வைக்கிறேன்" என்றார். பத்துக் கோத்திரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வடக்கே நடந்தது. ஒரே ஒரு வாயால், ஒரே ஒரு நாளில், ஒரு நாடு இரண்டானது.

வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா. வடக்கே யெரொபெயாமுக்கு ஒரு சிம்மாசனம், தெற்கே ரெகொபெயாமுக்கு ஒரு சிம்மாசனம். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள். ஒருவன் வயலில் இன்னொருவன் குதிரை மேய்ந்தது. ஒருவன் கிணற்றில் இன்னொருவன் கல்லைப் போட்டான். ஒருநாள் வடக்கத்தியான் சிரியாக்காரனைச் சேர்த்துக்கொண்டு எங்கள் மேல் பாய்ந்தான். எங்கள் ராஜா ஆகாஸ் என்ன செய்தார்? ஆலயத்து வெள்ளியை அள்ளி அசீரியாவுக்கு அனுப்பி, "வந்து இவங்களை ஒரு கை பாருங்க" என்றார். அசீரியாக்காரன் வந்தான். வந்தவன் ஒரு கையோடு நிறுத்துவானா? கொஞ்ச காலத்தில் சமாரியா விழுந்தது. சனத்தை வாரிக்கொண்டு போய் ஆபோர்க்கரையில் கொட்டினான். அப்போது எருசலேமில் நாங்கள் அழுதோமா? சம்பந்திகளே, இன்றைக்குப் பொய் சொல்லக் கூடாது. நாங்கள் கைதட்டினோம்.

தட்டிய கை ஓய்வதற்குள் எங்கள் முறை வந்தது. நூற்று முப்பது சொச்சம் ஆண்டுகள், அவ்வளவுதான். பாபிலோன்காரன் மதிலைச் சுற்றி மண்மேடு போட்டான். உதவிக்கு வர ஒரு தம்பி இருந்தானா? வடக்கே திரும்பிப் பார்த்தால் வெறும் காடு. மதில் விழுந்தது, மாளிகை விழுந்தது, ஆலயம் எரிந்தது. ராஜா தோட்டத்துக் கதவு வழியாக ஓடிப் பிடிபட்டார். பாபிலோன்காரன் எங்களை வாரிக்கொண்டு வந்து இந்தக் கேபார்க்கரையில் கொட்டினான்; அப்போது என் தாய் இடுப்பில் நான் பால்குடி. நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நமக்கு நாமே தோண்டிய குழி ஐயா அது!

என்ன, முகம் வாடுகிறீர்களே! நிமிருங்கள், இது கல்யாண வீடு. அழுகிற கதை இத்தோடு முடிந்தது. இனி நான் மானம் கெட்ட கதை.

போன வசந்தத்தில் பேரீச்சையும் பானைகளும் ஏற்றிக்கொண்டு ஐப்பிராத்து நதியில் எதிர்நீச்சலாய்ப் படகை இழுத்துப் போனேன். "மாமா, நானும் வர்றேன்" என்று அபித்தாள் ஏறிக்கொண்டாள். தாயில்லாப் பிள்ளை, உலகத்தைப் பார்க்கட்டும் என்று கூட்டிப் போனேன். இருபது நாள் பயணம். ஆபோர் ஆறு வந்து கலக்கும் வாயில் மணல் திட்டில் படகு தட்டி உட்கார்ந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் நாணல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு வாலிபன் அரிவாளைக் கரையில் வீசிவிட்டு வந்து தோள் கொடுத்தான். தள்ளிக்கொண்டே கேட்டான்:

"எந்த ஊர் அண்ணாச்சி?"

"கேபார் வாய்க்கால் பக்கம். யூதாக்காரங்க."

"யூதாவா? அப்ப மாட்டிக்கிட்டதுல ஆச்சரியமே இல்லை."

நான் வாயைத் திறக்கும் முன்னே படகுக்குள்ளிருந்து ஒரு குரல்: "நாங்க மாட்டி நாப்பது வருசந்தான் ஆவுது. நீங்க நூத்தி எண்பது வருசமா மாட்டிக்கிட்டு நிக்கிறீங்களே, உங்களை யாரு வந்து தள்ளுறது?"

அவன் தள்ளுவதை நிறுத்திவிட்டான். அண்ணாந்து பார்த்தான். அவள் குனிந்து பார்த்தாள். அவையோரே, அன்றைக்குப் படகு மணலிலிருந்து கிளம்ப அரை நாள் ஆனது. தண்ணீர் போதவில்லை என்று நான் நினைத்தேன்! அந்த வாலிபன்தான் சேமேர், இதோ கிரீடம் மூக்குவரை இறங்கி உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை.

அவன் வீட்டுக்குப் போனோம். அவன் தாய் திர்சாள், இதோ இந்தச் சிங்கம், சுட்ட மீனும் வாற்கோதுமை ரொட்டியும் வைத்து, தின்னத் தின்னக் கேள்வி கேட்டார். "பொண்ணுக்கு நெசவு தெரியுமா? காலையில எந்திரிப்பாளா? எதிர்த்துப் பேசுவாளா?" கடைசிக் கேள்விக்கு நான் மீன்முள் சிக்கியதுபோல இருமினேன். ஆனால் பிடித்துப்போயிற்று. நாள் குறிக்க வேண்டும். திர்சாள் அம்மா சொன்னார்: "கூடாரப் பண்டிகைப் பௌர்ணமிக்கு வந்துடுறோம். குருத்தோலைப் பந்தல் எப்படியும் போட்டிருப்பீங்க, ஒரே செலவு." நான் சொன்னேன்: "வாங்கம்மா, வழிமேல கண் வெச்சுக் காத்திருப்போம்." கை அடித்தோம். வாக்குக் கொடுத்தேன். எந்தப் பௌர்ணமி என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. யார் கேட்பார்கள்? உங்கள் ஊரில் சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று சம்பந்தி வீட்டில் யாராவது கேட்பார்களா?

ஏழாம் மாதம் வந்தது. பௌர்ணமியும் வந்தது. பண்டிகையும் வந்தது. என் மச்சான் மெசுல்லாம், பெண்ணைப் பெற்றவர், ஆட்டை அடித்தார், கள்ளை இறக்கினார். அபித்தாள் முக்காடு போட்டு உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. ஒரு நாள். மூன்று நாள். ஏழு நாள் பண்டிகையும் முடிந்து பந்தல் ஓலை காய்ந்து சரசரத்தது. வரவில்லை! ஊர் என்ன சொல்லும்? ஊர் சொல்லாமல் விடுமா? "வடக்கத்தியான் சொல்லுல நம்பிக்கை வெக்கலாமா?" என்றது ஒரு வாய். "நூத்தி எண்பது வருசத்துக்கு முன்னாடியே காணாமப் போனவங்க, இப்ப எங்கேருந்து வரப்போறாங்க?" என்றது இன்னொரு வாய். தலையைக் குனிய வேண்டாம் தாய்மார்களே, நான் யார் பெயரையும் சொல்லவில்லை.

மச்சான் ஆற்றங்கரைக்கே வந்துவிட்டார். "டேய் அக்கூப், நீ கை அடிச்சது மனுசன் கையிலயா, தண்ணியிலயா?" என்றார். அன்றிலிருந்து நான் ஊருக்குள் வரவில்லை. படகிலேயே சமைத்து, படகிலேயே முடங்கினேன். வெட்கமாக இருந்தது, ஐயா. என் அக்காள் மகளின் வாழ்க்கையை என் வாயாலேயே கெடுத்துவிட்டேனே என்று உள்ளுக்குள் குமைந்தேன். ஆள் அனுப்பிக் கேட்கலாம் என்றால், போக இருபது, வர பன்னிரண்டு. அதற்குள் பெண்ணை வைத்திருப்பார்களா?

வைத்திருக்க மாட்டேன் என்றார் மச்சான். அப்போதுதான் களஞ்சியத்தில் தானியம் அளக்கும் பெலத்தியா பெண் கேட்டு வந்தார். தம்பி, எழுந்து நில்லுங்கள், எல்லாரும் பார்க்கட்டும். நல்ல பிள்ளை. குறை சொல்ல ஒன்றுமில்லை. மச்சான் சரி என்றுவிட்டார். அபித்தாள் அழவில்லை, மறுக்கவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அடுத்த பௌர்ணமி விடியிற வரைக்கும் எனக்கு விடுங்கப்பா."

"எதுக்கு? அவன் வரமாட்டான்."

"வழியில ஆறு இருக்கு, அணை இருக்கு, சுங்கக்காரன் இருக்கான். ஒரு மாசம் குடுங்க. அதுக்கு மேல நீங்க சொன்னபடி."

மாதம் முழுக்க, தண்ணீர் எடுக்கிற சாக்கில் தினம் காலையில் துறைக்கு வந்தாள். குடம் நிறைந்த பிறகும் நிற்பாள். என்னைக் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் எனக்கு அடியைவிட வலித்தது. இன்று எட்டாம் மாதத்துப் பௌர்ணமி. விடிந்தது. ஆறு வெறுமையாய்க் கிடந்தது. சொன்ன சொல் மாறாதவள். திரும்பிப் போய்த் தானே முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பெலத்தியா தலையில் பூக்கிரீடம் ஏறிற்று. புதுக் குருத்தோலைப் பந்தல், கொப்பரையில் பருப்புக் குழம்பு, எல்லாம் தயார்.

அப்போது, அவையோரே, ஆற்றிலிருந்து பாட்டுச் சத்தம்!

படகு முழுக்கக் குருத்தோலை. படகு முழுக்க அலரிக் கொம்பு. தாளம் என்ன, தப்பட்டை என்ன! முன்னால் இடுப்பில் கை வைத்து நிற்கிறார் திர்சாள் அம்மா. கரையில் இறங்கினார். பந்தலைப் பார்த்தார், கொப்பரையைப் பார்த்தார், முகம் மலர்ந்துபோயிற்று.

"பாத்தீங்களாடா? யூதாக்காரங்க ஏற்பாட்டுல குறை வைக்க மாட்டாங்கன்னு நான் சொல்லலை? மூணு நாள் மணல் திட்டுல போச்சு சம்பந்தி, துடுப்பு போட்டுப் போட்டு கை கொப்புளிச்சுப் போச்சு. ஆனா சரியா நாள் தவறாம வந்துட்டோம்!"

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மா பந்தலுக்குள் நுழைந்து பெலத்தியா எதிரே நின்றார்.

"இது யாரு? மாப்பிள்ளைத் தோழனா? தோழனுக்கெல்லாமா உங்க ஊர்ல கிரீடம் வைப்பீங்க?"

பெலத்தியா எழுந்து நின்று சொன்னார்: "இல்லைம்மா. நான்தான் மாப்பிள்ளை."

"எந்தக் கல்யாணத்துக்கு?"

"இந்தக் கல்யாணத்துக்குத்தான்."

அவ்வளவுதான். வெடித்தது! மச்சான் கத்தினார்: "ஒரு மாசம் கழிச்சு வந்து நின்னுக்கிட்டு நாள் தவறலையாமே!"

"ஒரு மாசமா? இன்னைக்குத்தானே பண்டிகைப் பௌர்ணமி!"

"பண்டிகை போன மாசமே முடிஞ்சு போச்சு!"

"எட்டாம் மாசந்தான்யா பண்டிகை! எங்க பாட்டன் முப்பாட்டன் காலத்துலேருந்து எட்டாம் மாசம்!"

"ஏழாம் மாசம்! மோசே சொன்ன மாசம்! உங்க ராஜா யெரொபெயாம் தன் இஷ்டத்துக்கு மாத்துனது எட்டாம் மாசம்!"

"உங்க ராஜா ரெகொபெயாம் வாயை அடக்கியிருந்தா எங்க ராஜா எதுக்குய்யா மாத்துறாரு?"

"உங்க ராஜா வார்த்து வெச்ச பொன்னுக் கன்னுக்குட்டியைக் கும்பிட்டவங்க எங்களுக்கு நாள் சொல்ல வந்துட்டீங்களா?"

"ஆமாய்யா, கும்பிட்டோம். கோயில் வெள்ளியை அள்ளிக் குடுத்து அசீரியாக்காரனைக் கூட்டிட்டு வந்தது யாரு? எங்க கன்னுக்குட்டியா?"

கேட்டீர்களா! சமாரியா மண்ணாகி நூற்றெண்பது ஆண்டுகள். எருசலேம் சாம்பலாகி நாற்பத்து மூன்று ஆண்டுகள். பாபிலோன் தேசத்தில், இரவல் நிலத்தில், வாய்க்கால் கரையில் நின்றுகொண்டு, இஸ்ரவேலும் யூதாவும் மறுபடி போருக்குக் கிளம்பிவிட்டன! நான் விலக்கிவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? எல்லாரையும்விட உரக்கக் கத்தியவன் நான்தான். ஒரு மாதத்து அவமானம் ஐயா, தொண்டை வழியாகத்தானே வெளியே வரும்! எங்கள் ஆள் ஒருவர் பந்தல் காலைப் பிடுங்கினார். அவர்கள் ஆள் ஒருவர் துடுப்பைத் தூக்கினார். திர்சாள் அம்மா, "ஏறுங்கடா எல்லாரும்! இந்த வீட்டுல எம் புள்ளை தண்ணிகூடக் குடிக்க மாட்டான்" என்றார். சனம் படகில் ஏறியது. கயிற்றை அவிழ்த்தார்கள். சேமேர் மட்டும் முழங்கால் தண்ணீரில் நின்றான். படகுக்கும் போகவில்லை, கரைக்கும் வரவில்லை. மச்சான், "போகட்டும் விடு! பெலத்தியா, வா, உக்காரு" என்றார்.

முக்காட்டோடு அபித்தாள் இறங்கி வந்தாள். கல்யாணப் புடவை நனைய நனையத் தண்ணீருக்குள் இறங்கினாள். அவிழ்ந்து மிதந்த கயிற்றை எடுத்து மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். படகு அவளை இழுத்தது. கால் ஊன்றி நின்றாள்.

"அப்பா, அத்தை, ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க" என்றாள்.

மூடினார்கள்! இருவரும் மூடினார்கள். நான்கூட மூடினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அத்தை, சமாரியாவுல உங்களுக்கு இப்ப என்ன இருக்கு? ஒரு முழம் நிலம் இருக்கா?"

திர்சாள் அம்மா இடுப்பிலிருந்து கையை எடுத்தார்.

"அப்பா, எருசலேம்ல உங்களுக்கு என்ன இருக்கு? ஒரு கல்லு இருக்கா உங்க பேருல?"

அவள் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

"அசீரியாக்காரன் வந்தான், வீட்டை எடுத்தான், வயலை எடுத்தான், ஆட்டை எடுத்தான். பாபிலோன்காரன் வந்தான், குத்துவிளக்கைக்கூட விடலை. எல்லாத்தையும் எடுத்தவன் இந்தச் சண்டையை மட்டும் ஏன் விட்டுட்டுப் போனான்? அவனுக்கே அது வேண்டாம். யாருக்கும் வேண்டாததை நீங்க இத்தனை தூரம் சுமந்துட்டு வந்திருக்கீங்க. நான் சுமக்க மாட்டேன். ஒரு மாசம் இந்தத் துறையில நின்னேன். ஊரே சிரிச்சுது. நான் நின்னது உங்க ராஜாவுக்கும் இல்லை, எங்க ராஜாவுக்கும் இல்லை. இதோ நிக்கிறானே, இவனுக்கு."

தட்டுங்கள், இங்கே தட்டலாம்! காலையில் நாங்கள் தட்டவில்லை.

மச்சான் மெதுவாகக் கேட்டார். கோபத்தில் இல்லை, பயத்தில். "அந்த வீட்டுக்குப் போனா எந்த மாசம்மா பண்டிகை கும்பிடுவே?"

"ஏழாம் மாசம் இங்க உங்களோட சாப்பிடுறேன். இருபது நாள் படகு. எட்டாம் மாசம் அங்க அத்தையோட சாப்பிடுறேன். ரெண்டு தடவை நன்றி சொன்னா கடவுள் கோவிச்சுக்கவா போறாரு?"

படகின் நுனியிலிருந்து திர்சாள் அம்மா அவளை உச்சி முதல் உள்ளங்கால்வரை பார்த்தார். "வாய் ரொம்ப நீளம் இவளுக்கு" என்றார். பிறகு பெருமூச்சு விட்டு, "எங்க வீட்டுக்குச் சரியாத்தான் இருக்கும். டேய், கயித்தைக் கட்டுங்கடா, புள்ளை கை வலிக்கும்" என்றார்.

எல்லாரும் பெலத்தியாவைப் பார்த்தோம். நியாயம் அவர் பக்கம் இருந்தது, கெடு முடிந்திருந்தது, கிரீடம் அவர் தலையில் இருந்தது. தம்பி என்ன செய்தார் தெரியுமா, விருந்தினர்களே? கிரீடத்தைக் கழற்றினார், தண்ணீரில் இறங்கினார், சேமேர் தலையில் வைத்தார். தானியம் அளக்கிற தலை கொஞ்சம் பெரிது, அதனால்தான் மாப்பிள்ளைக்கு மூக்குவரை வந்து நிற்கிறது. வைத்துவிட்டுச் சொன்னார்: "முந்நூறு வருசச் சண்டைக்கு நடுவுல குடும்பம் நடத்த எனக்குத் தெம்பு இல்லைய்யா. ஆனா சாப்பாட்டுக்கு இருப்பேன். குழம்பு என் கல்யாணத்துக்கு வெச்சது." ஆண்டு ஆண்டாய் அரசர்களுக்குத் தெரியாமல் போன ஒரு காரியம் களஞ்சியத்துக்காரருக்குத் தெரிந்திருந்தது: கிரீடத்தைக் கழற்றத் தெரிந்திருந்தது! பெண் வைத்திருப்பவர்கள் இந்தத் தம்பியைக் கவனித்து வையுங்கள். இன்றே பேசலாம், நான் நடுவில் நிற்கிறேன். இம்முறை மாதத்தைக் கேட்டுக்கொள்வேன்.

பிடுங்கிய பந்தல் காலை மறுபடி நட்டோம். அவர்கள் கொண்டுவந்த ஓலையையும் எங்கள் ஓலையோடு சேர்த்து வேய்ந்தோம். அண்ணாந்து பாருங்கள், எது யாருடையது என்று உங்களால் சொல்ல முடியுமா? காலையில் வேய்ந்த எனக்கே இப்போது தெரியவில்லை.

அவையோரே, முடிக்கும் முன் ஒரு கேள்வி. காலையிலிருந்து என்னைக் குடைகிற கேள்வி. யெரொபெயாம் ஏன் மாதத்தை மாற்றினார்? வடக்கே அறுவடை பிந்தியதா? அதை அவர் வெளியே சொல்லியிருப்பார். உள்ளே இருந்தது வேறு. உள்ளே இருந்தது பயம்! ஏழாம் மாதப் பௌர்ணமிக்குத் தன் சனம் எருசலேமுக்குப் போனால் என்ன ஆகும்? தெற்கத்தியானோடு ஒரே பந்தலில் உட்காருவார்கள். ஒரே கொப்பரையில் சாப்பிடுவார்கள். பெண் கொடுப்பார்கள், பெண் எடுப்பார்கள். "நாம ஏன்டா பிரிஞ்சோம்?" என்று ஒருவன் கேட்பான். கேட்டால் தன் சிம்மாசனம் என்ன ஆவது? ஆகவே அவர் மதில் கட்டவில்லை, அகழி வெட்டவில்லை. ஒரு பௌர்ணமியை நகர்த்தி வைத்தார். இவன் வரும்போது அவன் இருக்கக் கூடாது. அவன் வரும்போது இவன் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் ஏற்பாடு. எத்தனை கெட்டியான ஏற்பாடு! சமாரியா விழுந்தும் அது விழவில்லை. எருசலேம் விழுந்தும் அது விழவில்லை. சிம்மாசனங்கள் போயின, செங்கோல்கள் போயின, சேனைகள் போயின. அந்தப் பயம் மட்டும் முந்நூற்றெண்பது ஆண்டுகள் ஒரு செங்கல்கூட உதிராமல் நின்றது.

இன்று என்ன நாள்? சொல்லுங்கள், உரக்கச் சொல்லுங்கள்! எட்டாம் மாதம், பதினைந்தாம் நாள். நாம் சந்திக்கவே கூடாது என்று அந்த ராஜா தன் கையால் குறித்து வைத்த அதே நாள்! அந்த நாளில், இதோ, வடக்கத்தியான் தட்டில் தெற்கத்தியாள் ரொட்டி வைக்கிறாள். இதோ, சமாரியாவின் பேரன் பக்கத்தில் எருசலேமின் பேத்தி உட்கார்ந்திருக்கிறாள். இதோ, காலையில் துடுப்பைத் தூக்கியவரும் பந்தல் காலைப் பிடுங்கியவரும் ஒரே சாடியிலிருந்து குடித்துக்கொண்டிருக்கிறார்கள், நான் பேசுவதைக் கவனிக்காமல்! எந்த நாளுக்காக அவர் பயந்து பயந்து நாளை மாற்றினாரோ, அது அவர் மாற்றிய நாளிலேயே நடந்துவிட்டது! நம் ராஜ்யங்கள் எப்போது விழுந்தன என்று பிள்ளைகள் கேட்டால் இரண்டு தேதி சொல்வோமே, இனி மூன்றாவது ஒன்றும் சொல்லுங்கள். கடைசியாக நின்ற சுவர் இன்று காலை, கேபார்த் துறையில், ஒரு பெண்ணின் கையால் விழுந்தது. அது விழுந்த சத்தம்தான் நீங்கள் கேட்கிற இந்தத் தப்பட்டைச் சத்தம்!

பொறுமையாகக் கேட்ட அவைக்கு நன்றி. தலைமை தாங்கி என்னை நிறுத்தச் சொல்லாமல் இருந்த செக்கனியா ஐயாவுக்கு நன்றி. குழம்பைத் தீயவிடாமல் கிண்டிய தாய்மார்களுக்கு நன்றி. யெரொபெயாம் ராஜாவே, நீர் எந்தக் கல்லறையில் கிடந்தாலும் கேளும்: இனி பயப்பட ஒன்றுமில்லை, எழுந்து வந்து பந்தியில் உட்காரும். ரெகொபெயாம் ராஜாவே, நீரும் வாரும், பக்கத்தில் இடம் இருக்கிறது; வாயைச் சாப்பிட மட்டும் திறந்தால் போதும். ஆபோர்க்கரைக்குச் சமாதானம்! கேபார்க்கரைக்குச் சமாதானம்! மணமக்களுக்குச் சமாதானம்! ரொட்டி ஆறுகிறது, எல்லாரும் எழுந்து வாருங்கள், சாப்பிடுவோம்.